முதுகுக் கச்சேரி

(சுவிஸ், பேர்ண் மாநிலத்திலை ஒரு புரட்டஸ்தாந்து தேவாலயம். ஞாயிறு பின்னேரம் 5 மணிக்கு ஹோர்ன் – ஓர்கன் கச்சேரி. ஹோர்ன் எண்டா சுருட்டின பித்தளைக் கொம்பு; ஓர்கன் எண்டா தேவாலயத்துப் பெரிய குழாய் வாத்தியம். வெள்ளிக்கிழமைகளிலை அந்தத் தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கிற மனுசியும், "சும்மாதானே, வாறன்" எண்டு வந்த மனுசனும் மூண்டாவது வாங்கிலை இருக்கினம்.)

மனுசன்: இஞ்சரும், முன்னுக்கு வெறுமையாக் கிடக்கு. ஆக்கள் இன்னும் வரேல்லையோ?

மனுசி: வந்திட்டினம். எங்களுக்குப் பின்னாலை, மேல் மாடத்திலை. திரும்பாதேங்கோ!

மனுசன்: ஏன், திரும்பினா தண்டமோ?

மனுசி: வேறை ஆரும் திரும்பினமோ பாருங்கோ. ஓர்கன் மேலைதானே இருக்கு. முன்னுக்குப் பாத்துக்கொண்டு காதாலை கேக்கிறது.

மனுசன்: அப்ப நாங்கள் அவைக்கு முதுகு. அவையாவது எங்களைப் பாப்பினமோ?

மனுசி: ஓர்கன்காரர் ஓர்கனைப் பாத்துத்தான் இருப்பார். அவற்றை முதுகும் எங்களுக்குத்தான்.

மனுசன்: மற்றவர்?

மனுசி: ஹோர்ன்காரர் எங்கடை பக்கம் பாத்து நிப்பார். ஆனா ஹோர்ன்ரை வாய் பின்பக்கம் பாக்கும். சத்தம் சுவரிலை பட்டு உருண்டுதான் எங்களிட்டை வரும்.

மனுசன்: எங்கடை நாயனக்காரன் நேரை மூஞ்சைக்கு நீட்டி ஊதுவான். காசு குடுத்தவன் ஆரெண்டு அவனுக்குத் தெரியும். சரி, ஆளையாள் பாக்காமல் இவை எப்பிடி ஒண்டாத் தொடங்கிறது?

மனுசி: கண்ணாடி இருக்கு. ஓர்கனுக்கு மேலை, மோட்டச்சைக்கிள் கண்ணாடி மாதிரி, திருப்பலாம். அதிலைதான் ஓர்கன்காரர் மற்றவரைப் பாக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் நான்தான் துடைக்கிறன். ஒருக்கா துடைச்சுப்போட்டு பழையபடி திருப்பி வைக்க மறந்திட்டன். ஞாயிறு ஆராதனையிலை அவருக்குப் பாதிரியார் தெரியேல்லை, யன்னல்தான் தெரிஞ்சுது. செபம் முடிய முன்னம் பாட்டைத் தொடங்கிப்போட்டார்.

மனுசன்: இதை நீர் எனக்குச் சொல்லவே இல்லை.

மனுசி: பாதிரியாருக்கும்தான் சொல்லேல்லை.

(மேலை ஓர்கனிலை ஒரு நீளச் சுரம். ஹோர்ன் அதோடை சேரப் பாக்குது.)

மனுசன்: சுருதி சேக்கினம். ஆர் ஆருக்குச் சேருறது?

மனுசி: ஹோர்ன்தான் ஓர்கனுக்கு. ஆயிரத்துக்கு மேலை குழாய் நிக்கிற சாமானை இப்ப ஆர் ஏறித் திருத்திறது? அதோடை, குளிர்ந்தா ஓர்கன்ரை சுருதி இறங்கும், வெக்கைக்கு ஏறும். அதுக்குத்தான் சிக்ரிஸ்ட் அம்மா, தேவாலயத்தைப் பராமரிக்கிறவ, விடியவே வந்து ஹீற்றரைப் போட்டு 18 டிகிரிக்குக் கொண்டு வந்தவ. ஹோர்ன் எண்டா ஊத ஊத மூச்சுச் சூட்டிலையே ஏறிக்கொண்டு போகும். குழாயை இழுத்து, கையாலை அடைச்சு, சொண்டாலை பிடிச்சு, அவர்தான் இறங்கி வரவேணும்.

மனுசன்: அப்ப ஒராள் அசையாது, மற்ற ஆள் கடைசி மட்டும் வளைஞ்சு குடுக்கவேணும்.

மனுசி: ஓம்.

மனுசன்: இவை எத்தினை வருசமாச் சோடி?

மனுசி: ஏன் கேக்கிறியள்?

மனுசன்: சும்மா. எங்களுக்கு 26 வருசம்.

மனுசி: வாயை மூடிக்கொண்டு இருங்கோ, தொடங்கப் போகுது.

மனுசன்: பொறும், ஒரு சந்தேகம். ஓர்கனுக்குள்ளை இல்லாத வாத்தியமே இல்லை எண்டு நீர்தானே சொன்னீர்?

மனுசி: ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு இழுக்கிற பிடி. அதிலை பேர் எழுதியிருக்கு. துடைக்கேக்கை வாசிக்கிறனான். நாஹ்ட்ஹோர்ன், கெம்ஸ்ஹோர்ன், க்ரும்ஹோர்ன்…

மனுசன்: மூண்டு ஹோர்ன் உள்ளுக்கை கிடக்க, வெளியிலை இருந்து நாலாவதை ஏன் கூலிக்குப் பிடிச்சவை?

மனுசி: அதுகள் பேர்தான் ஹோர்ன். நாஹ்ட்ஹோர்ன் எண்டா ராக்கொம்பு, ஆனா சத்தம் புல்லாங்குழல்.

மனுசன்: கப்பல் வாழைப்பழத்துக்கை கப்பல் இல்லாத மாதிரி.

மனுசி: உஸ்ஸ்! (நிகழ்ச்சித் தாளைக் காட்டி) இது சாங்-சான்ஸ் எண்ட பிரெஞ்சுக்காரர் 1854 இலை எழுதினது. அப்ப அவருக்கு 20 வயசும் இல்லை. பிறகு பாரிஸ் நகரத்திலை மதலேன் தேவாலயத்திலை கனகாலம் ஓர்கன் வாசிச்சவர். இந்த ரெண்டு வாத்தியத்துக்கும் எண்டே எழுதினது குறைவு. மிச்சம் கனக்க வேறை வாத்தியங்களுக்கு எழுதினதை மாத்தி எடுத்தது.

மனுசன்: தமையன்ரை களுசானைத் தம்பிக்கு வெட்டித் தைக்கிற மாதிரி.

(வாசிப்பு. மனுசன் நிகழ்ச்சித் தாளைக் கீழை விழுத்திப்போட்டு, எடுக்கிற சாட்டிலை திரும்பிப் பாக்கிறார்.)

மனுசன்: இஞ்சரும்! அந்தாள் கையை ஹோர்ன்ரை வாய்க்கு உள்ளுக்கை விட்டுத் தேடுது. ஏதோ விழுந்திட்டுதுபோலை.

மனுசி: விழேல்லை. கை அங்கைதான் இருக்கும். முந்தி கட்டை அமத்துற வசதி இல்லாத காலத்திலை, கையை அடைச்சுத் திறந்துதான் இல்லாத சுரங்களை எடுத்தவை. இப்பவும் அந்தப் பதமான சத்தத்துக்குக் கை வேணும்.

மனுசன்: சுருட்டின குழாயை நிமித்தினா எவ்வளவு வரும்?

மனுசி: 3.7 மீற்றர் கிட்ட.

மனுசன்: ட்ராமிலை ஏத்தேலாது. சுருட்டினதுதான் சரி.

(அடுத்தது குரோல் எழுதின 'மிசா மூட்டா'.)

மனுசி: இது ஊமைப் பூசை. சொல்லே இல்லை, ஹோர்னும் ஓர்கனும் மட்டும். எழுதினவரும் ஹோர்ன் ஊதினவர்தான்.

மனுசன்: ஐயர் வாயே திறக்காத பூசை! எங்கடை கோயிலுக்கும் ஒண்டு எழுதச் சொன்னா நல்லது. (முதல் துண்டு முடிய ஓங்கிக் கை தட்டுறார்.)

மனுசி: ஐயோ! கடைசியிலைதான் தட்டிறது!

மனுசன்: ஒராள் தட்ட இருவது பேர் தட்டின மாதிரிக் கேக்குதே! நல்ல மண்டபம்.

மனுசி: எல்லாரும் இப்பதான் திரும்பினம். உங்களைப் பாக்க.

(இடையிலை ஓர்கன் தனிய. மேலை லேசா ஒரு 'சொட்' சத்தம்.)

மனுசன்: கூரை ஒழுகுதோ?

மனுசி: இல்லை, ஹோர்னை உருட்டித் தண்ணி ஊத்துறார். வெள்ளிக்கிழமை ஒத்திகையிலை நான் வாளியோடை நிண்டு பாத்தனான்.

மனுசன்: சீ, எச்சிலோ?

மனுசி: மூச்சு ஆவி குழாய்க்குள்ளை குளிர்ந்து தண்ணியாகிறது. ஆனா எதெண்டாலும் துடைக்கிறது நான்தானே.

(முடிஞ்சுது. வாசலிலை ஹோர்ன்காரர் கூடையோடை நிக்கிறார்.)

மனுசன்: சும்மா எண்டீரே!

மனுசி: உள்ளை வாறதுதான் சும்மா. வெளியிலை போகேக்கை கொலெக்ட, காணிக்கை.

மனுசன்: ஒண்டரை மணித்தியாலம் சுவருக்கு ஊதினவர், காசெண்ட உடனை எங்களுக்கு நேரை நிக்கிறார்! என்னட்டை நூறு பிராங்தான் கிடக்கு. மிச்சம் தருவாரோ?

மனுசி: என்னட்டை இருவது இருக்கு, இந்தாங்கோ. கை தாறார், குடுங்கோ.

மனுசன்: எந்தக் கை? உள்ளுக்கை விட்ட கையோ?

மனுசி: அதுதான். சிரிச்சுக்கொண்டு குடுங்கோ.