ரோம் யாரோடு ஒன்றுசேரும்?

2025 நவம்பர் 28 அன்று, பழைய நீசேயா நகரமான துருக்கியின் இஸ்னிக்கில், திருத்தந்தை பதினான்காம் லியோவும், ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவர்களில் முதலிடம் தரப்படுகிற கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவும் சேர்ந்து செபித்தார்கள். திருச்சபையின் முதல் பொதுச்சங்கமான நீசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் ஆனதை நினைவுகூரும் செபம் அது. இனி கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் சீக்கிரமே ஒன்றாகிவிடுவார்கள் என்று அப்போது நண்பர்கள் சிலர் மகிழ்ந்தார்கள். நானும் அதற்காகச் செபிக்கிற கத்தோலிக்கன்தான். ஆனால் மாஸ்கோ முதுபெரும் தந்தை கிரில் அங்கே இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகளிலேயே மிகப் பெரியது அவருடையது.

ரோமும் கிழக்குச் சபைகளும் ஏன் பிரிந்தன என்றால், 1054-இல் ரோமின் தூதர் கர்தினால் ஹம்பர்ட் கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயப் பீடத்தில் வைத்துவிட்டுப் போன சபைநீக்க ஆணையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்தச் சபைநீக்கங்களை திருத்தந்தை ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை அத்தனாகோரசும் 1965 டிசம்பர் 7 அன்றே விலக்கிவிட்டார்கள். தூய ஆவியார் தந்தையிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, மகனிடமிருந்துமா என்ற பழைய சர்ச்சையும் பேசித் தீர்க்கக்கூடியதே.

தீராமல் நிற்பது அதிகாரம். ரோமுக்கு முதலிடம் உண்டு என்பதை 2007-இல் இத்தாலியின் ரவென்னாவில் கூடிய கத்தோலிக்க-ஆர்த்தடாக்ஸ் கூட்டு ஆணையம் ஏற்றுக்கொண்டது. அந்த முதலிடத்தில் இருப்பவர் என்னென்ன செய்யலாம் என்பதில்தான் சிக்கல். 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் திருத்தந்தைக்கு உலகளாவிய ஆட்சி அதிகாரமும் வழுவாவரமும் (விசுவாசத்தை அதிகாரபூர்வமாக வரையறுக்கும்போது தவறாத வரம்) உண்டு என்று அறிவித்ததை ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஏற்கவில்லை.

ஆனால் இதே சண்டை இப்போது ஆர்த்தடாக்ஸ் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ரவென்னா கூட்டத்திலிருந்தே மாஸ்கோ வெளியேறியது. எஸ்டோனியாவில் மாஸ்கோவின் சபை செல்லுமா, கான்ஸ்டான்டிநோபிளின் சபை செல்லுமா என்ற தகராறு காரணம். உலக அளவில் முதலிடம் என்பது வெறும் மரியாதைதான் என்று 2013-இல் மாஸ்கோ ஆயர் மன்றம் எழுதியது. முதல்வருக்கு நிகரானவர் எவருமில்லை என்று அடுத்த ஆண்டே கான்ஸ்டான்டிநோபிள் தரப்பு ஆயர் ஒருவர் பதில் எழுதினார். ஒரு கத்தோலிக்கனாக அதைப் படித்தபோது, நம் பக்கத்து வாதத்தையே கேட்பது போல இருந்தது. எல்லா ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்காகவும் 2016-இல் கூட்டிய கிரீட் சங்கத்துக்கு ரஷ்யா, பல்கேரியா, ஜார்ஜியா, அந்தியோக்கியா சபைகள் வரவில்லை. உக்ரைன் சபைக்குத் தன்னாட்சி தர கான்ஸ்டான்டிநோபிள் முனைந்ததால் 2018 அக்டோபரில் மாஸ்கோ கான்ஸ்டான்டிநோபிளோடு நற்கருணை உறவையே முறித்துக்கொண்டது. இந்தச் சண்டை ஓயாமல், ரோமோடு யார் எதில் கையெழுத்துப் போட்டாலும் பாதி ஆர்த்தடாக்ஸ் உலகம் அதைத் துரோகம் என்றுதான் சொல்லும்.

கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது 1439-லேயே தெரிந்துவிட்டது. புளோரன்ஸ் சங்கத்தில் ரோமோடு ஒன்றுசேர பைசாந்தியப் பேரரசரே ஒப்புக்கொண்டார். கிழக்கு ஆயர்களும் அநேகமாக எல்லோரும் கையெழுத்திட்டார்கள், எபேசு ஆயர் மார்க் மறுத்தார். ஊர் திரும்பியதும் மக்கள் மார்க்கின் பக்கமே நின்றார்கள். 1204-இல் மேற்கிலிருந்து வந்த சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதை அவர்கள் மறந்திருக்கவில்லை. எப்படி மறப்பார்கள்?

அதனால், ஒப்பந்தங்களுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, எதிர்த்தரப்பின் கையெழுத்து தேவைப்படாத காரியங்களை ரோம் செய்ய வேண்டும் என்கிறேன். செய்தும் இருக்கிறது. 2001-இல் இரண்டாம் ஜான் பால் ஏதென்ஸுக்குப் போய் 1204-க்காக வருத்தம் தெரிவித்து இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். 2004-இல் கிழக்கின் பழைய ஆயர்களான புனித கிறிசோஸ்தோம், புனித நசியான்சு கிரகோரி இருவரின் திருப்பண்டங்களையும் (உடல் எச்சங்களையும்) கான்ஸ்டான்டிநோபிளுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது ஈஸ்டர் தேதியாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். 2025-இல் இரு தரப்புக்கும் ஏப்ரல் 20 அன்றே உயிர்ப்பு விழா வந்தது. 2026-இல் மறுபடி ஏப்ரல் 5, ஏப்ரல் 12 என்று பிரிந்துவிட்டது. வானியல்படி பார்த்தால் ஆர்த்தடாக்ஸ் தரப்பு ஈஸ்டருக்குப் பின்பற்றும் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு பிசகுதான், சரி. ஆனாலும் ரோம் அவர்கள் தேதியை எடுத்துக்கொண்டால் நம் விசுவாசத்தில் ஒரு வரிகூட மாறாது. கிரீஸில் உள்ள கத்தோலிக்கர்கள் பல ஆண்டுகளாக ஆர்த்தடாக்ஸ் தேதியில்தான் உயிர்ப்பு விழா கொண்டாடுகிறார்கள்.