கொம்புத் தேனும் பெரியவடகம்பட்டியும்

“முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரி” என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், சேலம் மாவட்டத்துக்காரர்கள் சொல்லக் கூடாது. மனிதரை அவர் உடம்பை வைத்து இழிவாகக் கூப்பிடும் பேச்சு அது, எந்த ஊரிலும் விட்டொழிக்க வேண்டியதுதான். ஆனால் நமக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பழமொழி பொய்த்துப்போனது நம்ம ஓமலூர் வட்டாரத்துப் பெரியவடகம்பட்டியில்.

மாரியப்பன் தங்கவேலுவைத்தான் சொல்கிறேன். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அந்தக் கால் இன்னமும் ஐந்து வயதுப் பிள்ளையின் கால்தான், அதற்கப்புறம் வளரவேயில்லை என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றினார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டவைத்தார். பிற்பாடு பெங்களூரில் சத்யநாராயணா என்ற பயிற்சியாளர் கூட்டிப்போய்ப் பழக்கினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் மேலே. இதைப் படிக்கிற பெரும்பாலோருடைய தலை அந்தக் குச்சிக்குக் கீழேதான் இருக்கும்.

அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது டோக்கியோ. 2021-ல் நடந்த அந்தப் போட்டியின்போது மழை. அடிபட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது, அதனால் தாண்டச் சிரமமாகிவிட்டது என்று போட்டி முடிந்ததும் சொன்னார். 1.86 தாண்டினார், 1.88 தாண்ட முடியவில்லை, வெள்ளி. அடுத்து 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம்.

அந்த ஈரச் சாக்ஸை நான் விடாமல் நினைத்துக்கொண்டிருப்பேன். “தன்னம்பிக்கை இருந்தால் முடியாதது எதுவுமே இல்லை” என்று சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் பிளெக்ஸ் வைக்கும் பயிற்சி மையங்களெல்லாம் அதை ஒரு தடவையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவருக்குத் தன்னம்பிக்கை குறைந்துபோய்விட்டதா? இல்லை. துணி நனைந்தது. அவ்வளவுதான் விஷயம். முடிவதும் முடியாததும் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட காரியங்களில்தான் இருக்கிறது. கால், சாக்ஸ், மழை, பஸ் கட்டணம், கூட்டிப்போக ஒரு ஆள். இதையெல்லாம் மறைத்துவிட்டு எல்லாமே மனசில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால், மார்க் குறைந்த பிள்ளை தன் மனசுதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். அப்படி நினைத்துக்கொண்ட பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். அதனால் முடியாது என்ற பேச்சே கூடாது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முடியாதவை உண்டு. கல்லில் நார் உரிக்க முடியாது, மணலில் கயிறு திரிக்க முடியாது. எரிபொருளே இல்லாமல் ஓயாது ஓடும் இயந்திரம் என்று யாராவது எழுதிக் கொண்டுவந்தால் இனிப் பரிசீலிக்கவே மாட்டோம் என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே முடிவெடுத்துவிட்டது. அது சரியான முடிவுதான். 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீரில் இலையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்றார்கள். ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் கிடைப்பதுதான் தண்ணீர். எரிந்து தீர்ந்ததை மறுபடி எரித்து ஆற்றல் எடுக்க வழியே இல்லை. பத்தாம் வகுப்புப் பாடம் அது. அன்றைக்கு “நம்ம ஆள் கண்டுபிடித்ததை அமுக்கப் பார்க்கிறார்கள்” என்று கோபப்பட்டவர்களில் படித்தவர்களும் நிறையப் பேர்.

ஆக, இயற்கை போடுகிற முடியாது ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். என் சண்டை மற்றதோடு. மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்துச் சொல்கிற முடியாது. நம் பழமொழிகளை எடுத்துப் பாருங்கள். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா. விரலுக்குத் தகுந்த வீக்கம். இவையெல்லாம் கல்லைப் பற்றியோ மணலைப் பற்றியோ பேசவில்லை. நீ யார், உன் அப்பா யார், உனக்கு எதற்கு இது என்று கேட்கின்றன. கல்லில் நார் உரிக்க முடியாது என்பதன் உறுதியை இரவல் வாங்கிக்கொண்டு, ஒரு பெண் பிள்ளை பி.எஸ்சி. படிக்க முடியாது என்று சொல்கின்றன. இரண்டும் ஒரே தொனியில் வருவதால் கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இன்னொன்று. இயற்கையே போட்ட தடை என்று அறிஞர்கள் சாதித்ததும்கூடப் பல தடவை அவர்கள் கையிருப்பின் அளவைத்தான் காட்டியிருக்கிறது. நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்று மனிதருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை என்று 1835-ல் பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகஸ்ட் கோம்த் எழுதினார். நியாயமாகத்தான் பட்டிருக்கும், அங்கே போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டா வர முடியும்? முப்பது வருஷம் ஆவதற்குள், ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய நிறக்கோடுகளை வைத்து, ஒளியைப் பிரித்துப் பார்த்தே பொருளைச் சொல்லும் முறை வந்துவிட்டது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் நிறமாலைமானி வைத்துப் பார்த்தது நம் பக்கத்து குண்டூரில். அன்றைக்கு அது சென்னை மாகாணத்து ஊர். அந்த வருஷம் சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டுக்குப் பொருத்தமான தனிமம் பூமியில் அதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதுதான் ஹீலியம். பூமியில் அதைப் பிரித்தெடுத்தது 1895-ல். தெரியவே தெரியாது என்று சொன்ன இடத்தில் முதலில் தெரிந்தது, கையில் இருந்த இடத்தில் பிறகு கிடைத்தது. இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

விமானக் கதையை எல்லோரும் சொல்வார்கள். 1903 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ், பறக்கும் இயந்திரம் வர பத்து லட்சம் முதல் ஒரு கோடி வருஷம் ஆகலாம் என்று எழுதியது, டிசம்பர் 17-ல் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள், கைதட்டல். ஆனால் நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1901-ல் அவர்கள் செய்த கிளைடர் கணக்குப்படி தூக்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது மனசு விட்டுத்தான் திரும்பினார்கள். அப்புறம் செய்த காரியம்தான் அருமையானது. நாம் செய்தது தப்பா, நாம் நம்பிய கணக்கு தப்பா என்று பார்த்தார்கள். சைக்கிள் கடையில் ஒரு மரப்பெட்டியில் காற்றாடி பொருத்தி, கையளவு தகட்டு இறக்கைகளை ஒவ்வொன்றாக அதில் வைத்து அளந்தார்கள். கிட்டத்தட்ட இருநூறு வடிவம். நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திவந்த, காற்று தள்ளும் விசையைக் கணக்கிடும் எண் ஒன்று, இருக்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு பெரிது என்று அவர்கள் கணக்கில் வந்தது. 0.005 என்று போட்டுக்கொண்டிருந்ததை 0.0033 என்று போட வேண்டியிருந்தது. மனிதன் பறக்க முடியாது என்ற பெரிய தீர்ப்புக்குள்ளே ஒளிந்திருந்த ஒரு கோளாறு, ஒரு தசம எண்.

போலியோவும் அப்படித்தான். 2009-ல் உலகத்திலேயே அதிகமாக 741 பிள்ளைகளுக்கு வந்தது நம் நாட்டில். இவ்வளவு ஜனம், இவ்வளவு நெருக்கம், இந்தியாவில் ஒழிக்கவே முடியாது, ஒழிந்தாலும் கடைசியாகத்தான் ஒழியும் என்றார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் இயற்கையாகப் பரவும் வைரஸால் போலியோ வரவில்லை. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்துவிட்டது என்று சான்றிதழ் வந்தது. தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக, பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகச் சொட்டு மருந்து ஊற்றிய பெண்கள் செய்த வேலை அது. அவர்களுக்கு யாரும் பிளெக்ஸ் வைக்கவில்லை.

சரி, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், சேர்வராயன் மலையில் ஒரு அப்பா என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை.

அவர் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். இயற்பியல் படிக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் பேசப் போனேன். வீட்டுவாசலில் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே, “அதெல்லாம் நமக்கு ஆவறதுங்களா டீச்சர். விரலுக்குத் தகுந்த வீக்கந்தானுங்களே வேணும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மகள் மேல் அவ்வளவு பிரியம் அவருக்கு.

எனக்கு வாய் வரை ஒரு சொற்பொழிவு வந்தது. சொல்லவில்லை. “எது ஆவாதுன்னு சொல்லுங்கண்ணா, ஒண்ணொண்ணா எழுதிக்கலாம்” என்று நோட்டை எடுத்தேன். முதலில் பேசவே இல்லை. அப்புறம் வரிசையாக வந்தது. தினமும் கீழே போய்வர இருபது கொண்டை ஊசி வளைவு, சாயங்காலப் பஸ்ஸைத் தவறவிட்டால் பிள்ளை எங்கே நிற்கும். விடுதி கிடைக்குமா, கிடைத்தாலும் சாப்பாட்டுக்கு எவ்வளவு. சாதிச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை, ஒரு அலுவலகத்தில் போய்ப் போய்க் கேட்டு அலுத்துவிட்டது. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் போட வேண்டுமாம், அதற்கு ஓடிபி வருமாம், போன் அவர் அண்ணனுடையது. கடைசியாக, கொஞ்சம் தயங்கிவிட்டு, பெரிய படிப்புப் படித்தால் எங்களோடு பேச மாட்டாளோ என்று ஒரு பயம்.

அந்தப் பட்டியலில் ஒன்றுகூடக் கல்லில் நார் உரிக்கிற வேலை இல்லை. எல்லாமே ஒருவர் கூட நின்றால் நகரக்கூடியவை. கடைசி ஒன்றுக்கு மட்டும் மகள்தான் பதில் சொல்ல வேண்டும், சொன்னாள். சான்றிதழ்தான் படுத்தி எடுத்தது. விடுதி கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து இருப்பது அவருக்குத் தெரியாது, அதையும் எழுதிக்கொண்டோம். இப்போது சேலத்தில் பி.எஸ்சி. படிக்கிறாள். முதல் செமஸ்டரில் கணக்கில் ஒரு அரியர் விழுந்து அழுதாள், அப்புறம் எழுதி எடுத்துவிட்டாள்.

அந்த அப்பா தோற்றுப்போய் நான் ஜெயித்தேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய முடியாதுக்குள்ளே உண்மை இருந்தது. பஸ் நிஜம், பணம் நிஜம். தப்பு எங்கே என்றால், இத்தனை விஷயத்தையும் ஒரே பழமொழியில் மூட்டை கட்டியதில். அவிழ்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுண்டர், ஒரு படிவம், ஒரு கையெழுத்து இருக்கிறது. அவிழ்க்காத வரைக்கும் அது தலையெழுத்து.

அரசுக்கும் இதேதான். அரசுப் பள்ளிப் பிள்ளை டாக்டராவதெல்லாம் இனி கனவுதான் என்று நீட் வந்த புதிதில் எங்கள் ஆசிரியர் அறையிலேயே பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஊக்கம் பற்றாது என்றும் சொன்னார்கள். 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமாக வந்தது. அந்த வருஷமே நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். ஒரே வருஷத்தில் பிள்ளைகளுக்கு ஊக்கம் ஊறிவிட்டதா என்ன? வாசல் திறந்தது, போனார்கள்.

அதனால் என் வகுப்பில் முடியாது என்று யாராவது சொன்னால் நான் திட்டுவதில்லை, தட்டிக்கொடுப்பதும் இல்லை. எதனால் என்று எழுதச் சொல்கிறேன். எழுதிய பிறகு உண்மையிலேயே முடியாது என்று தெரிந்தால் அதையும் ஒப்புக்கொண்டு வேறு வழி பார்க்கிறோம். ஒரு பையனுக்கு விமானி ஆக ஆசை, பார்வைக் குறைபாடு அதற்கு இடம் கொடுக்காத அளவில் இருந்தது. அவனிடம் உன்னால் எதுவும் முடியும்டா என்று சொல்வது அவனை ஏமாற்றுவது. இப்போது விமானப் பராமரிப்புப் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

கோடை விடுமுறையில் கல்லூரி விண்ணப்பம் தொடங்கிவிடும். ஏற்காட்டுக்கு மேலே பல கிராமங்களில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, விண்ணப்பம் போட்டுத்தர ஆளும் கிடையாது. லேப்டாப்பும் டேட்டாவும் கைவசம் உள்ளவர்கள், சனி ஞாயிறில் மலை ஏறி வர முடிந்தவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். சான்றிதழ் விவகாரம் தெரிந்த, வருவாய்த் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற யாராவது இருந்தால் முதலில் அவர்கள்தான் வேண்டும்.