பிள்ளைகளின் கடிதத்துக்குப் பதில் போடுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மகளைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வாவிக்கரைக்குப் போனேன். அவளுடைய டீச்சர் வரச் சொல்லியிருந்தார். வழக்கமான சிரமதானம் என்றுதான் நினைத்தேன். அங்கே பிள்ளைகள் கையில் கொப்பியும் பென்சிலும் இருந்தன. கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் வேருக்குள் சிக்கிக் கிடந்த குப்பையை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து, எடுத்ததற்கெல்லாம் கோடு போட்டார்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. சொப்பின் பேக்குக்கு ஒரு பக்கம், சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு ஒரு பக்கம், யோகட் கப்புக்கு ஒரு பக்கம்.

அந்த டீச்சர் கதையும் எழுதுகிறவர். தன் செலவில் அச்சடித்த சின்னப் புத்தகம். வாவிக்கு வலை கொண்டுபோகும் தகப்பனிடம் ஒரு பிள்ளை கேள்வி மேல் கேள்வி கேட்கும். தகப்பனுக்குப் பதில் தெரியாத இடத்தில் கதை நின்றுவிடும். மிச்சத்தை வாசிக்கிற பிள்ளைதான் தேட வேண்டும். என் மகள் தேடிக்கொண்டு வந்து கேட்டது இது: "அப்பா, லஞ்ச் சீற்றை 2017லயே தடை செய்தாச்சாமே, பிறகு எப்படி இவ்வளவு கிடக்குது?"

அதையே எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கடிதமாக எழுதி, எண்ணிய கணக்கையும் வைத்து, பொறுப்பான அலுவலகத்தில் கொடுத்தார்கள். மூன்று கிழமை ஆகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் முதலில் கேட்பது, "பதில் வந்ததா?"

புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிற நேரத்தில் பிள்ளையைக் குப்பை பொறுக்க விடுவதா என்று சில பெற்றோர் கோபப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் கண்டல் விதை மரத்திலேயே முளைத்து, ஈட்டி மாதிரித் தொங்கி, பிறகுதான் சேற்றில் விழும் என்பதை அவள் அன்றைக்குக் கையில் பிடித்துப் பார்த்தாள். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அந்த வேருக்குள்தான் ஒதுங்கி வளரும் என்று ஒரு ஐயா தோணியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். எந்த டியூஷனில் இது கிடைக்கும்?

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூல் எழுதினார் என்று நம் பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில், பக்கத்தில் திருவேட்களத்தில் ஒதுக்கப்பட்டு வாழ்ந்த மக்களின் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் படிப்பித்தவரும் அவர்தான். இதை எத்தனை பேர் சொல்லிக் கொடுக்கிறோம்?

அலுவலகத்தில் இருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, நாலு வரி போதும். முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுதுங்கள். பிள்ளைகள்தானே என்று விட்டுவிடாதீர்கள். வருகிற சனிக்கிழமை திரும்பவும் எண்ணப் போகிறார்கள். மகளுக்குப் புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.