இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

"உங்களுக்கு மிகவும் பிடித்த இசை எது?" என்று ஒருவரிடம் கேட்டால் அவர் சற்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்தச் சிறு இடைவெளியில், தம்மைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ அதற்குத் தோதான பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். அதே மனிதரிடம் "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஓர் அசட்டுச் சிரிப்பு வரும். பிறகு, பத்து நாட்களாக விடாமல் லூப்பில் ஓடும் ஏதோ ஒன்றின் பெயர் கொஞ்சம் வெட்கத்தோடு வெளிவரும். முதல் கேள்விக்குக் கிடைப்பது சட்டம் போட்டு மாட்டிய புகைப்படம் என்றால், இரண்டாவதற்குக் கிடைப்பது தலைகூட வாராமல் கதவைத் திறந்து நிற்கும் ஆள். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கும்.

ஆனால் அந்த நல்ல கேள்விக்கு நாம் பதில் சொல்லும் விதம்தான் சரியில்லை என்று எனக்கு நெடுநாளாக ஒரு குறை. ஆல்பத்தின் அட்டைப்படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு, மேலே இரண்டு நெருப்புக் குறிகளை வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் படம் எனக்கு என்ன சொல்கிறது? ஆல்பத்துக்கு ஓர் அட்டை இருக்கிறது என்று சொல்கிறது. அதை எத்தனையாவது முறையாகக் கேட்கிறீர்கள், எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் அலுத்துத் தாண்டிப் போனீர்கள் என்பது எதுவும் அதில் இல்லை. நானும் ஆண்டுக்கணக்கில் இதையே செய்தவன் என்பதால் இதை மேட்டில் நின்று சொல்லவில்லை. அப்படி நான் போட்ட ஒரு படத்தைப் பார்த்து, அந்த இசையைத் தேடிக் கேட்டதாக இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

மாறாக, எனக்கு வந்த ஒரு குறுஞ்செய்தியைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர், கிளென் கூல்ட் என்ற கனடியப் பியானோ கலைஞர் வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் (ஒரு தொடக்க மெட்டும் அதன் 30 மாறுபட்ட வடிவங்களும்) இசைப்பதிவின் இணைப்பை அனுப்பி, கீழே இவ்வளவுதான் எழுதியிருந்தார்: "ஹெட்போனில் கேளுங்கள். பியானோவுக்கு அடியில் யாரோ முனகுகிறார்கள்." மேதை என்றோ, கேட்காவிட்டால் பிறவிப் பயனில்லை என்றோ அவர் எழுதவில்லை. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, யார் முனகுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காகவே கேட்டேன். முதலில் பியானோ மட்டும்தான் கேட்டது. சற்று நேரத்தில் விரல்களுக்குப் பின்னால், மெட்டோடு முழுதாக ஒட்டாமலும் அதை விட்டு விலகாமலும், ஓர் ஆண்குரல் தனக்குத்தானே பாடிக்கொண்டு போவது பிடிபட்டது. வாசிக்கும்போது வாய்விட்டு முனகுவது கூல்டின் வழக்கம் என்பதும், ஒலிப்பதிவாளர்களால் அதை முழுவதுமாக அகற்ற முடியவில்லை என்பதும், தந்தை குட்டையாக்கிக் கொடுத்த நாற்காலியைத்தான் அவர் கடைசிவரை எங்கும் எடுத்துச் சென்றார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. இசைக் கல்வி எதுவும் இல்லாத நான், சுமார் ஐம்பது நிமிடங்கள் ஓடும் ஒரு மேற்கத்திய சாஸ்திரிய இசைப்பதிவை இடையில் எழாமல் கேட்டு முடித்தது அந்த ஒற்றை வரியின் தயவால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நண்பர் வெறும் படைப்பின் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் நான் எங்கே போய் நின்றிருப்பேனோ தெரியாது, ஏனென்றால் கூல்டே அதை ஸ்டூடியோவில் இருமுறை பதிவு செய்திருக்கிறார். 1955இல், 22 வயதில் வாசித்தது ஏறக்குறைய 38 நிமிடங்களில் பறந்து முடிகிறது. 1981இல் வாசித்தது ஏறக்குறைய 51 நிமிடங்கள். முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் தொடக்க மெட்டு, இரண்டாவதில் மூன்று நிமிடங்களை எடுத்துக்கொள்கிறது. ஸ்வரங்கள் அதே ஸ்வரங்கள், கைகளும் அதே கைகள், ஆனால் கேட்பவருக்கு அவை இரண்டும் இரு வேறு அனுபவங்கள். "கோல்ட்பெர்க் கேட்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது பாதித் தகவல்தான். எந்தக் கச்சேரி, எந்தப் பதிவு, ஸ்டூடியோவா மேடையா என்று சேர்த்துச் சொல்வதை வெறும் பாண்டித்தியக் காட்சி என்று சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அது முகவரியில் கதவு எண்ணையும் சேர்த்து எழுதுவதைப் போன்ற சாதாரண மரியாதையாகவே படுகிறது.

நாம் கேட்பதை நமக்காகச் சொல்லும் பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தது இன்று நேற்று நடந்ததல்ல. 2002இல் ஒரு பிரிட்டிஷ் கல்லூரி மாணவரின் திட்டப்பணியாகத் தொடங்கிய ஆடியோஸ்க்ராப்ளர், கணினியில் ஓடும் ஒவ்வொரு பாடலையும் தானாகக் குறித்துக்கொண்டு ஊரறியப் பட்டியலிட்டது. பின்னர் அது லாஸ்ட்.எஃப்எம் தளத்தோடு இணைந்தது. அங்கே ஒரு பாடல் கணக்கில் ஏற வேண்டுமானால் அதில் பாதியாவது ஓடியிருக்க வேண்டும், அல்லது நான்கு நிமிடங்கள் ஓடியிருக்க வேண்டும், எது முதலில் வருகிறதோ அது. இந்த விதியைச் சற்று உற்றுப் பாருங்கள். நாற்பது நிமிடம் விரியும் ஒரு ராக ஆலாபனையை ஒருவர் கண்மூடிக் கேட்டாலும் கணக்கு ஒன்றுதான். அதே நாற்பது நிமிடத்தில் இன்னொருவர் மூன்று நிமிடப் பாடல்களை ஓடவிட்டுக்கொண்டே வேறு வேலை பார்த்தால் கணக்கு பதின்மூன்று. எண்ணிக்கைப் பட்டியலில் முதலாமவர் இசையே கேட்காதவரைப் போலத் தெரிவார்.

எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் நடையே மாறிவிடும் அல்லவா? அந்தத் தளத்தில் கணக்கு வைத்திருந்த நாட்களில் நான் செய்த அற்பக் காரியங்களை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. கௌரவமான பெயர்கள் பட்டியலில் மேலே நிற்க வேண்டும் என்பதற்காக, ஆளில்லாத அறையில் ஜாஸ் ஆல்பங்களை ஓடவிட்டு வெளியே போயிருக்கிறேன். உண்மையிலேயே கேட்க ஆசைப்பட்ட குத்துப் பாடலை, தளம் கணக்கெடுப்பதை நிறுத்திவைத்துவிட்டுத் திருட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறேன். ஸ்பாட்டிஃபை இசைச் செயலியில், கேட்பதை மற்றவர்களுக்குக் காட்டாமல் மறைக்க 'பிரைவேட் செஷன்' என்றொரு வசதி இருப்பதைப் பார்க்கும்போது இந்த நோய் எனக்கு மட்டுமானதல்ல என்று ஓர் ஆறுதல். எவ்வளவு அந்தரங்கமான விஷயங்களையெல்லாம் கூச்சமின்றிப் பொதுவில் எழுதும் நாம், ஒரு பாடலை மறைப்பதற்கு இவ்வளவு பாடுபடுகிறோம் என்பது சிரிப்புக்குரியதுதான்.

ஒருவர் அந்த ஆண்டில் அதிகம் கேட்டவற்றைத் திரட்டிக் காட்டும் ஆண்டிறுதித் தொகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபை 2016 முதல் 'ராப்ட்' என்ற பெயரில் வெளியிட்டுவரும் தொகுப்பு ஆண்டு முடிவதற்கு முன்பே வந்துவிடுவதால், டிசம்பரில் ஒருவர் வாழ்க்கையையே மாற்றும் இசையைக் கண்டடைந்தாலும் அதில் அதற்கு உரிய இடம் கிடைக்காது. 30 நொடி ஓடினாலே அந்தச் சேவையில் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. குழந்தையைத் தூங்கவைக்க இரவெல்லாம் மழையோசை ஓடும் வீடுகளில், அந்த ஆண்டின் தலைசிறந்த கலைஞராக அந்த மழையோசையே வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அது ஒன்றுதான் அந்தத் தொகுப்புகளில் நான் ரசித்த உண்மை.

எண்களின் செல்வாக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் நடத்தி 2006இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் அதிகமானோர் இணையத்தில் கேட்டு, பிடித்ததைத் தரவிறக்கிக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தில் ஒவ்வொரு பாடலும் எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்ற எண்ணும் அவர்களுக்குக் காட்டப்பட்டது. முடிவில், ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்த ஒரு பாடல் இன்னோர் உலகத்தில் 40ஆவது இடத்தில் கிடந்தது. மிக நல்லவை பெரும்பாலும் அடியோடு தோற்கவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் ஜெயிக்கவில்லை. இடைப்பட்டவற்றின் தலையெழுத்தை, முன்னால் போனவர்களின் கூட்டம்தான் எழுதியது.

அப்படியானால் நண்பரின் அந்த ஒற்றை வரியும் என் காதைத் திசைதிருப்பியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருப்பியது உண்மைதான். ஆனால் "முனகல் கேட்கிறது" என்பதை நானே காதுகொடுத்துச் சரிபார்க்க முடியும். கேட்காவிட்டால் "எனக்குக் கேட்கவில்லையே" என்று அவரிடம் சண்டைக்குப் போக முடியும். "பத்து லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள்" என்ற செய்தியைக் கொண்டுபோய் எந்த ஸ்வரத்தில் வைத்துச் சரிபார்ப்பது?

சொல்வதற்குப் பெரிய ரசனை வேண்டும் என்பதுமில்லை. நான் மிகவும் மதிக்கும் பகிர்வுகளில் பல, "மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லை, ஆனால் விடவும் முடியவில்லை" என்ற வகையைச் சேர்ந்தவை. மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஒன்றின்மீது, வேறு காரணமில்லாமலேயே பிடித்தம் கூடக்கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968இல் எழுதினார். ஆகவே பிடிக்காத கட்டத்திலேயே ஒருவர் தம் நிலையைச் சொல்லிவைத்தால், பின்னால் அந்த இசை அவருக்குள் எப்படிக் குடிபுகுந்தது என்பதை நாம் கூடவே இருந்து பார்க்கலாம். பிடித்துப்போன பிறகு எழுதுபவர்கள் எல்லோரும் முதல் ஸ்வரத்திலேயே தமக்குக் கண்ணீர் வந்துவிட்டதாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ அதில் அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை.

பதில் சொல்பவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஒருவர் தாம் கேட்பதைச் சொன்ன அடுத்த நிமிடமே, அதைக் கேட்டுப் பார்க்காமல், "இதைவிட இது நன்றாக இருக்கும்" என்று தம்முடைய இணைப்பை வைக்கிறார்கள். "இதையெல்லாமா கேட்கிறீர்கள்?" என்பது அதைவிட மோசம், அந்தக் கேள்வியை ஒருமுறை வாங்கியவர், அடுத்த முறை தம் உண்மையான பிளேலிஸ்ட்டை மறைத்துவிட்டுப் புகைப்படத்துக்கு நிற்கும் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார். சோனி நிறுவனம் 1979இல் வெளியிட்ட முதல் வாக்மேனில் இருவர் கேட்பதற்காக இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. பாட்டின் ஒலியைத் தணித்து, சிறு மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. பின்னாளைய மாடல்களில் அந்தப் பொத்தான் இல்லாமல் போனது. ஒரே இசையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அதைக் கொஞ்சம் தணித்துவிட்டு "இந்த இடம் கேட்டீர்களா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதற்காக ஒரு பொத்தானையே வைத்தவர்கள், ரசிகர்களை நன்றாக அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் முழுவதும் அதே கூல்டின் 1981ஆம் ஆண்டுப் பதிவுதான். இன்று காலையிலிருந்து இது மூன்றாவது முறை. 30 வேரியேஷன்களும் முடிந்தபின் தொடக்க மெட்டு மறுபடியும் வரும். ஆரம்பத்தில் கேட்டதைவிட அங்கே இன்னும் நிதானமாக நடக்கிறது. நடுவில் வரும் பதினைந்தாவது வேரியேஷன் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, இருமுறை தாண்டிப் போய்விட்டேன். முனகல் இப்போது தேடாமலே கேட்கிறது. நீங்கள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? எந்த நிமிடத்தில் காதை வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.