இரண்டாவது பீர்

‘பத்து மொழியில் ஒரு பீர் கேட்பது எப்படி’ என்று வாரத்துக்கு ஒரு வீடியோவாவது கண்ணில் படுகிறது. ஒரு பீர் கேட்க மொழியே வேண்டாம். பக்கத்து மேஜையைக் கைகாட்டினால் வந்துவிடும். இரண்டாவதில்தான் மொழி ஆரம்பிக்கிறது.

ஒசாகாவில் முதல் பீரிலேயே மாட்டிக்கொண்டேன், அது வேறு கதை. ஆங்கில எழுத்தில் படித்துவிட்டுப் போய், குறிலாக ‘பிரு’ என்றேன். ஜப்பானில் ‘பிரு’ என்றால் கட்டடம். பீருக்கு ‘பீரு’ என்று நெடிலாக இழுக்க வேண்டும். அதாவது எங்கள் ஊர்க்காரர்கள் சொல்கிற அதே பீரு! நாகரிகமாகப் பேசப் போய்க் கட்டடம் கேட்டதுதான் மிச்சம்.

ஜெர்மனியின் கொலோனில் நேரெதிர். அங்கே க்யோல்ஷ் என்கிற உள்ளூர் பீர் வருவது 200 மில்லி பிடிக்கும் ஒல்லிக் கிளாஸில். காலியானால் பரிமாறுகிறவர் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையில் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடிவிட வேண்டும். இலையை மடிக்கிற மாதிரிதான். வாயே திறக்க வேண்டாம்.

ஆனால் பிராக். செக் மொழியில் பீர் என்றால் ‘பிவோ’. ஒன்று கேட்க ‘யெட்னோ பிவோ’. சுலபம்தானே என்று நினைத்தேன். இரண்டு, மூன்று, நான்கு என்றால் ‘பிவா’. ஐந்துக்குப் போனால் அதுவும் மாறி வெறும் ‘பிவ்’. ஐந்திலிருந்து எண்ணுக்குப் பின்னால் வரும் சொல் வேற்றுமை மாறிவிடுகிறது. ‘பீர்களில் ஐந்து’ என்கிற மாதிரி. நமக்கு ஒரு பீர், அஞ்சு பீர், ஐம்பது பீர், எல்லாம் ஒன்றுதான். ‘ஐந்து பீர்கள்’ என்று கேட்கிறவனை யாரும் குடிகாரன் என்றே நம்ப மாட்டார்கள்.

நாங்கள் ஐந்து பேர். நான்தான் மொழி தெரிந்தவன் என்று நண்பர்கள் முன்னால் தள்ளிவிட்டார்கள். ‘பியெட் பிவா’ என்றேன் கம்பீரமாக. பரிமாறுகிறவர் ஐம்பது வயதுக்காரர், முகத்தில் சிரிப்பே கிடையாது. மேஜையில் ஒரு துண்டுச்சீட்டை வைத்து, பென்சிலால் ஐந்து கோடு இழுத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ‘பிவ்’ என்றார். எங்கள் தமிழய்யா ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மையில் சுழிப்பது நினைவுக்கு வந்தது. அவமானமாக இல்லை, சொல்லப்போனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் பீர் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

மறுநாள் ஒருவனுக்கு வயிறு சரியில்லை, அறையிலேயே படுத்துவிட்டான். பாவம்தான். ஆனாலும் படியிறங்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நான்கு பேருக்குப் ‘பிவா’தான் சரி.