கரண்ட் போனா சேவ் இரிக்குமா?

யூடியூப்ல கேம் ரிவியூ பண்ற ஆக்கள் ஒருத்தருக்கும் கரண்ட் போறதில்ல. ஏசி ரூம், பைபர் லைன், கம்பனி சும்மா அனுப்பிவிட்ட கிராபிக்ஸ் கார்ட், இதெல்லாத்தையும் வெச்சிக்கிட்டு "கட்டாயம் வாங்குங்க" எண்டு சொல்லிட்டுப் போயிருவாங்க, நம்மட பொடியனுகளும் அதைப் பாத்துட்டு வந்து என்னட்ட இன்பொக்ஸ்ல "அண்ணன் இந்தக் கேம் எடுக்கலாமா, இந்தக் கார்ட் எடுக்கலாமா" எண்டு கேக்கிறானுகள். எல்லாருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் நோகுது. அதால இந்தப் பதிவு. நீளம்தான், வாசிக்க ஏலாதவன் லைக் போட்டுட்டுப் போ.

நான் இரிக்கிறது மட்டக்களப்பு கல்லடி, கடல் கூப்பிடு தூரம். மெஷின் பெரிசா ஒண்ணுமில்ல, ரைசன் 5 5600 சிபியு, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ரேம், 1080 மொனிட்டர். நான் ஒரு கேமுக்கு மார்க்ஸ் போடுறது எத்தின ஜிபி டவுன்லோட், கரண்ட் போனா எங்க இருந்து மறுகா தொடங்கணும், 8 ஜிபி கார்ட்ல செக்கனுக்கு 60 பிரேம் (படம்) நிக்குதா, டொலர்ல எவ்வளவு, இதுகளைப் பாத்துத்தான். கிராபிக்ஸ் அதுக்குப் பிறகு.

முதல்ல கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2. போன வருசம் (2025) பெப்ரவரில வந்தது, செக் நாட்டு வோர்ஹோர்ஸ் கம்பனி செஞ்சது, கதை நடக்கிறது 1403ல பொஹிமியாவுல. டிராகன் இல்ல, மந்திரம் இல்ல, ஹென்றி எண்ட ஒரு கொல்லன்ட வளப்பு மகன், அவ்வளவுதான். குளிக்காமத் திரிஞ்சா ஊராக்கள் மூக்கைப் பொத்துவாங்க, ரத்தக்கறை உடுப்போட போய்ப் பேசினா மரியாதை இல்ல, களவெடுத்த சாமானை அதே ஊருல விக்கப்போனா மாட்டுவீங்க. இந்த வருசங்கள்ல வந்த பெரிய கேம்கள்ல எனக்கு ஒரு ஊருக்குள்ள உண்மையா நடந்து திரிஞ்ச உணர்வு வந்தது இதுலதான், குட்டன்பெர்க் டவுனுக்குள்ள வேலையே இல்லாம சும்மா சுத்தியிரிக்கிறன்.

ஆனா சேவ் சிஸ்டம், அதான் விளையாடின அளவைப் பதிஞ்சி வெக்கிற முறை, இரிக்கே, அதைச் செஞ்சவன் இலங்கைக்கு வந்ததே இல்லகா. நினைச்ச இடத்தில சேவ் பண்ணணும் எண்டா "சேவியர் ஷ்னாப்ஸ்" எண்டு ஒரு சாராயம் குடிக்கணும். அது கடையில விலை, இல்லாட்டி நீங்களே செடி பறிச்சி அடுப்புல வெச்சிக் காச்சணும். இல்லாட்டி கட்டில் தேடிப்போய்ப் படுக்கணும். மிஷனுக்கு நடுவுல அதுவா சேவ் ஆகும்தான், ஆனா சும்மா காட்டுக்குள்ள திரிஞ்சிட்டு இரிக்கக்குள்ள ஆகாது. ராத்திரி நல்லா வேட்டையாடி, பத்து ஊர்ச் சாமானைக் குதிரையில ஏத்திட்டு வரக்குள்ள டப் எண்டு கரண்ட் போயிட்டு. மறுகா வந்து பாத்தா அந்த வேட்டையே நடக்கல்ல. கேம் டெவலப்பர் சொல்றான், சேவ் கஷ்டமா இருந்தாத்தான் முடிவுகளுக்குப் பாரம் இரிக்குமாம். அது சரி ராசா, எங்களுக்கு மின்சார சபையே போதுமான பாரம் தருது. விருப்பத்துக்கு சேவ் பண்ற மொட் (ரசிகர் ஆரோ செஞ்ச ஒட்டு பைல்) இரிக்கு, இறக்கிப் போட்டன், ஒரு வெக்கமும் இல்ல. மத்தபடி இந்தக் கேம் கிரைஎஞ்சின் எண்ட கேம் செய்ற சொப்ட்வெயார்ல செஞ்சது, என்ட 6600ல கூட அழுங்காம குலுங்காம ஓடிச்சி, அதுக்கே அவங்களுக்கு ஒரு கும்பிடு.

அடுத்தது ஹொலோ நைட் சில்க்சோங். 2017ல முதல் கேம் வந்து, இது 2025 செப்டம்பர் 4ல வந்திச்சி, அண்டைக்கு ஸ்டீம் எண்ட ஒன்லைன் கேம் கடையே விழுந்து கிடந்திச்சி ஞாபகம் இரிக்குதானே. ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல இரிக்கிற ஒரு கையளவு ஆக்கள் செஞ்சது, 20 டொலர், 8 ஜிபி இடம் இருந்தாக் காணும். ஆபீஸ் லெப்டொப்ல கூட ஓடும். விலை, டவுன்லோட், பிரேம் எல்லாத்திலயும் முழு மார்க்ஸ். ஓவியமும் மியூசிக்கும் அப்பிடி.

கஷ்டத்தைப் பத்தி உலகமே சண்டை பிடிச்சிச்சி, நானும் என்ட கருத்தைச் சொல்றன். பொஸ் (பெரிய எதிரி) கஷ்டமா இரிக்கிறது எனக்குப் பிரச்சினை இல்ல. அடிச்சா ரெண்டு உயிர் போறதும் பழகிரும். பொஸ்சிட்டப் போற பாதைதான் கொதி. செத்தா மறுகா கடைசியாச் சேவ் பண்ணின பெஞ்சில இருந்து பாஞ்சி பாஞ்சி வரணும், பொஸ்ஸோட சண்டை ஒரு நிமிசம், நடை ரெண்டு நிமிசம். பைல்வோட்டர் எண்டு ஒரு சேத்து இடம் வரும், அந்தத் தண்ணியில விழுந்தா புழு ஒட்டிக்கும், புழு ஒட்டினா ஹீல் பண்ணி உயிரைக் கூட்ட ஏலாது, அங்க இரிக்கிற பெஞ்சையும் செவத்துக்குப் பின்னால ஒளிச்சி வெச்சிரிக்கானுகள். இது திறமையைச் சோதிக்கிற விளையாட்டு இல்ல, பொறுமையைக் கொள்ளையடிக்கிற வேலை. வெளியாகி கொஞ்ச நாள்ல அவங்களே தொடக்கத்தில வாற ரெண்டு பொஸ்ஸை லேசாக்கி அப்டேட் விட்டாங்க, அப்ப "கிட் குட்" (திறமையை வளத்துக்கோ) எண்டு கத்தின ஆக்கள் எல்லாம் எங்க போனீங்க? அதுக்காக வாங்காதீங்க எண்டு சொல்லமாட்டன். வாங்குங்க. 20 டொலர் எண்டா நம்மட காசுக்கு ஆறாயிரம் சொச்சம், அதுக்கு இவ்வளவு பெரிய கேம் வேற ஒருத்தனும் தரமாட்டான்.

க்ளேர் ஒப்ஸ்கூர் எக்ஸ்பெடிஷன் 33. இதைப் பத்திக் கனக்க எழுதினா கதை உடைஞ்சிரும். பிரான்ஸ்ல மொன்பெலியேல இரிக்கிற சின்ன ஸ்டூடியோ, 2025 ஏப்ரல்ல விட்டு, வருசக் கடைசியில கேம் அவார்ட்ஸ்ல வருசத்தின்ட சிறந்த கேம் பட்டத்தையும் தூக்கிட்டானுகள். ஒவ்வொரு வருசமும் கடலுக்கு அங்கால ஒரு பெரிய தூண்ல ஒரு நம்பர் எழுதப்படும், அந்த வயசில இரிக்கிற ஆக்கள் எல்லாம் அப்பிடியே காத்தில கரைஞ்சி போயிருவாங்க. தொடக்கத்தில துறைமுகத்தில ஊரே கூடி நிண்டு, கழுத்துல பூ மாலையோட, போகப்போற ஆக்களுக்குப் பயணம் சொல்ற கட்டம் ஒண்டு வரும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடியில வளந்தவனுக்கு அதைப் பாக்கிறது வேற விதமாத்தான் இரிக்கும். நான் கொன்ட்ரோலரை வெச்சிட்டு வெளில போய்க் கொஞ்சம் நிண்டுட்டுத்தான் வந்தன்.

டேர்ன் பேஸ்ட் (மாறி மாறி அடிக்கிற சண்டை) எண்டா நித்திரை வரும் எண்டு சொல்ற ஆக்களுக்கு, இதுல எதிரி அடிக்கக்குள்ள நீங்க நேரம் பாத்துத் தட்டிவிடணும், சும்மா இரிக்க ஏலாது. ஓட்டோசேவ் அடிக்கடி விழும், கரண்ட் போனாலும் கனக்க இழக்கமாட்டீங்க. அன்ரியல் 5 எஞ்சின்ல செஞ்சதால அங்கங்க இழுக்கும், கிராபிக்ஸை மீடியத்தில வெச்சி விளையாடினன். குறை எண்டா சண்டை நடக்கிற இடங்களுக்குள்ள மெப் இல்ல, ஒரே நிறக் காட்டுக்குள்ள வந்த வழியே திரும்பிப் போன கஷ்டம் எனக்குக் கொஞ்ச நஞ்சமில்ல.

பிளெக் மித் வுகோங், லேட்டாத்தான் விளையாடினன். 130 ஜிபி. எங்கட லைன்ல நைட் டேட்டாவுல போட்டு போட்டு இறக்கவே ஒரு கிழமை ஓடிச்சி. பொஸ் சண்டை ஒவ்வொண்டும் பத்துக்குப் பத்து, ஆனா சண்டைக்கு இடையில நடக்கிற இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத செவரு, போகலாம் எண்டு தெரியிற மலையில ஏற ஏலாது. இது சீனாக் கதையில வாற குரங்கரசன், எங்கட அனுமார் இல்ல, மருமகப்பிள்ளைகள் எவ்வளவு சொல்லியும் கேக்காம அனுமார் எண்டுதான் கூப்பிடுறானுகள், விட்டுட்டன்.

குரங்கு எண்டதும்தான் ஞாபகம் வருது. 2025 பெப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை, பாணந்துறை கிரிட்ல ஒரு குரங்கு பாஞ்சி முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. வேற நாட்டு கேமருக்கு இப்பிடியொரு எதிரி லேசுல கிடைக்காது. 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினதை நினைச்சா இப்ப சொர்க்கம்தான், ஆனாலும் மழைக்காலத்தில மரம் விழுந்தா, லைன் வேலை எண்டா, இப்பவும் போகும்.

அதால கார்ட் கேக்கிற ஆக்களுக்கெல்லாம் நான் முதல்ல கேக்கிறது, யுபிஎஸ் (கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கிற பெட்டரிப் பெட்டி) இரிக்கா? இல்ல எண்டா கார்டை மற. 650 விஏ எண்டு பெட்டியில பெரிசாப் போட்டிருப்பான், ஆனா அது உண்மையாத் தாங்கிறது கிட்டத்தட்ட 360 வாட்தான், பின்பக்கத்தில சின்ன எழுத்தில இரிக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்க. என்ட 6600 132 வாட், சிபியு 65, மொனிட்டரும் சேந்தா அதுக்குள்ள அடங்கிரும், கேமை சேவ் பண்ணி ஒழுங்கா ஷட்டவுன் பண்ண அஞ்சு நிமிசம் கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 5090 கார்ட் மட்டும் 575 வாட். அதைச் சின்ன யுபிஎஸ்ல போட்டா கரண்ட் போற அதே செக்கன்ல யுபிஎஸ்சும் சேந்து படுக்கும். கேம் சேவ் எழுதிட்டு இரிக்கக்குள்ள இது நடந்தா பைல் கெட்டுப்போகவும் சான்ஸ் இரிக்கு, எல்டன் ரிங் மாதிரி எந்த நேரமும் சேவ் எழுதுற கேம்களுக்கு போல்டரை ஒரு கொப்பி எடுத்து வெச்சிக்கிறது நல்லம். மறுகா இன்னொண்டு, யுபிஎஸ் பெட்டரி சூட்டில கெதியாச் சாகும், கேசிங்குக்குப் பின்னால சூடு காத்து அடிக்கிற இடத்தில தள்ளி வெக்காதீங்க.

சூடு எண்டா, கச்சான் காத்துக் காலத்தில மட்டக்களப்புல பகல் ரெண்டு மணிக்கு கேம் விளையாடிப் பாத்தவனுக்குத்தான் தெரியும். பிரேமை 60ல லொக் பண்ணுங்க. 1080ல கதைக் கேம் விளையாட 144 பிரேம் எதுக்கு? லொக் பண்ணினா கார்ட் குளிரும், பேன் சத்தம் குறையும், கரண்ட் பில்லும் குறையும்.

இப்ப கொஞ்சம் கொதி. மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ், 2025 பெப்ரவரில வந்தது. அவங்களே போட்ட சிபாரிசு ஸ்பெக்ல எழுதியிரிக்கு, 1080ல 60 பிரேம் வர பிரேம் ஜெனரேஷன் போடணுமாம். அதாவது மெஷின் உண்மையா வரையிற படங்களுக்கு இடையில ஊகத்தில செஞ்ச படத்தைச் செருகி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுறது. சின்னதா வரைஞ்சி பெருப்பிச்சிக் காட்டுற எப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் எல்லாம் பழைய கார்ட் வெச்சிரிக்கிற எங்களைக் காப்பாத்த வந்த மருந்து எண்டு நினைச்சம், கடைசியில கேம் செய்றவன் ஒப்டிமைஸ் பண்ணாம இரிக்க அது சாட்டாப் போயிட்டு. டூம் டார்க் ஏஜஸுக்கு ரே டிரேசிங் (வெளிச்சம் போற பாதையைக் கணக்குப் போட்டு வரையிறது) உள்ள கார்ட் இல்லாட்டி கேமே ஓடாது, ஜிடிஎக்ஸ் 1060 வெச்சிரிக்கிற பொடியன் கதவுக்கு வெளிலதான். இதுக்கு மேல 70 டொலர் கேக்கிறான். ஸ்டீம்ல எங்களுக்கு ரூபாயில விலை இல்ல, தென்னாசியா விலை எண்டு டொலர்லதான் வரும், மனசாட்சி உள்ள கம்பனி அதுல குறைச்சிப் போடும், சில பெரிய கம்பனி அமெரிக்கா விலையையே அப்பிடியே ஒட்டிரும். 21000க்கு மேல ஒரு கேமுக்கு. சேல் வரும், இரி.

செகண்ட் ஹேண்ட் கார்ட். 2022 செப்டம்பர்ல எதீரியம் எண்ட டிஜிட்டல் காசு மைனிங் (கார்டை ராப்பகலா ஓட்டிக் காசு எடுக்கிறது) நிண்ட பிறகு மைனிங்ல பாவிச்ச கார்ட் கொட்டிச்சி, இன்னும் சுத்திட்டுத்தான் இரிக்கு. மீன் வாங்கப் போனா செவுளைத் தூக்கிப் பாக்கிறோம்தானே, அந்தப் புத்தியைக் கார்டுக்கும் பாவிங்க. கடையிலயே போட்டு ஒரு அரை மணித்தியாலம் கேம் ஓடவிட்டுச் சூடு பாருங்க, ஜிபியுஇசட் எண்ட சொப்ட்வெயார் போட்டு ஷேடர் (எஸ்பி எண்டும் சொல்லுவாங்க, கார்டுக்குள்ள கணக்குப் போடுற சின்னப் பகுதி) எண்ணிக்கை பாருங்க. ஆர்எக்ஸ் 580 எண்டு சொல்லி 2048 எஸ்பி கார்டை விக்கிறாங்க, உண்மையான 580ல 2304 இரிக்கும், மத்தது பெயர் மாத்தின 570. அக்கரைப்பத்துல ஒரு தம்பி இப்பிடி வாங்கிட்டு வந்து என்னட்டக் காட்டினான், பாவம், கடைக்காரர் கையை விரிச்சிட்டார்.

ரேம் விலை கேக்காதீங்க. ஏஐ டேட்டா சென்டருக்கு எல்லாம் அள்ளிட்டுப் போறதால 2025 கடைசியில விலை பிச்சிக்கிட்டுப் போயிட்டு, மைக்ரோன் தன்ட குருசியல் ரேம் வியாபாரத்தையே மூடுறன் எண்டு அறிவிச்சிட்டு. இப்ப புது பிசி கட்ட வேணாம், ஏஎம்4 போர்ட் (5600 போடக்கூடிய மதர்போர்ட்) வெச்சிரிக்கிற ஆக்கள் அதை விக்காதீங்க, 5600 போட்டு இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓட்டலாம்.

கடல்பக்க ஆக்களுக்கு உப்புக்காத்து தனி வில்லன். கேசிங் ஸ்குரூ, யுஎஸ்பி வாய் எல்லாம் துருப்பிடிக்கும், ரேம் கார்ட் காலில கறை பிடிச்சா மட்டும் அழிறப்பரால மெதுவாத் தேய்ங்க. கொன்ட்ரோலர் வாங்கிறதெண்டா ஹோல் எபெக்ட் ஸ்டிக் உள்ளதாப் பாத்து எடுங்க, காந்தத்தில வேலை செய்றதால உள்ளுக்க உரசித் தேயிற சாமான் இல்ல, ஸ்டிக் தானா ஒரு பக்கம் இழுக்கிற வருத்தம் லேசுல வராது. 8பிட்டோ அல்டிமேட் 2சி அப்பிடி ஒண்டு, நான் பாவிக்கிறன், திருப்தி.

ஸ்டீம் டெக் (கையில பிடிச்சி விளையாடுற குட்டி பிசி) கேட்ட ஆக்களுக்கு, சாமான் எண்டா அதுதான் எங்கட நாட்டுக்குச் சரி. பெட்டரி உள்ளுக்கயே இரிக்கு, ஒரு பட்டனைத் தட்டினா நிண்ட இடத்திலயே தூங்கும், மறுகா தட்டினா அதே இடத்தில எழும்பும், சேவ் பிரச்சினையே இல்ல. ஆனா அதைச் செய்ற வால்வ் கம்பனி இஞ்ச நேரடியா விக்கிறதில்ல, கொழும்புல கொண்டுவந்து விக்கிறவங்க சொல்ற விலையில ஒரு நல்ல பிசி வாங்கிரலாம், பழுதானா வாரண்டிக்கு எங்க போறது? வெளிநாட்டுல இரிக்கிற சொந்தக்காரர் ஆரும் லீவுல வந்தா சொல்லி விடுங்க, அதான் வழி.

பிரீ பயர், பப்ஜி பத்தி என்னட்டக் கேக்காதீங்க, நான் விளையாடுறதில்ல.

ஜிடிஏ 6 பத்தியும் கேட்டீங்க. 2026 நவம்பர் 19 எண்டு சொல்லியிரிக்கானுகள், அதுவும் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும்தான், பிசிக்குத் திகதி அறிவிக்கல்ல. அதுக்காக இப்பவே கார்ட் மாத்தப்போறன் எண்டு காசு சேக்கிற காத்தான்குடி நண்பர் இதை வாசிச்சா, மச்சான், அந்தக் காசுல முதல்ல யுபிஎஸ் எடு.