மீசையின் அசைவை விட்டுவிட்டீர்களே

எலியின் மீசை மூளையோடு எப்படி இணைகிறது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு மீசை முடிக்கு மூளையில் ஒரு ‘பீப்பாய்’, அதாவது பீப்பாய் வடிவில் திரண்ட ஒரு செல் கூட்டம், என்று அது சொல்வது சரிதான். 1970இல் உல்சி, வான் டெர் லூஸ் என்ற ஆய்வாளர்கள் சுண்டெலியின் மூளைப் புறணியில் (மூளையின் வெளிப்படலத்தில்), நான்காம் அடுக்கில் பார்த்தது அதைத்தான். ஆனால் ஒரு முடி பட்டால் ஒரு பீப்பாய் மட்டும்தான் விழிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்து முடிகளைத் தொட்டாலும் அந்தச் செல்கள் பதில் தரும், கொஞ்சம் தாமதமாக, பலவீனமாக.

பெரிய குறை, அசைவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. எலி மீசையைச் சும்மா நீட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை; நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் வீசித் துழாவுகிறது. முடிக்குள் நரம்பு கிடையாது, உணர்வெல்லாம் முடியின் வேரைச் சூழ்ந்த வேர்ப்பையில்தான். எதிலோ பட்டது என்ற செய்தி மட்டும் வந்தால் போதாது. அந்தக் கணத்தில் முடி வீச்சின் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதும் சேர்ந்தால்தான் பொருள் எங்கே இருக்கிறது என்று கணிக்க முடியும். இரண்டு வகைத் தகவலும் மூளைத்தண்டு, தலாமஸ் (உணர்வுச் செய்திகளைப் புறணிக்குக் கடத்தும் மூளைப் பகுதி) வழியாக எதிர்ப்பக்கப் புறணிக்குப் போகின்றன.

அப்புறம் இன்னொன்று. பிறந்த ஓரிரு நாளில் வேர்ப்பையைச் சிதைத்தால் அதற்குரிய பீப்பாய் சரியாக உருவாவதே இல்லை. வளர்ந்த எலிக்கு அதே சேதம் நடந்தால் பீப்பாயின் வடிவம் அப்படியே இருக்கும். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட சுவாரசியம். ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.